லூதரைத் தேடுவோர் மூன்சரை மறைப்பது ஏன்?

இந்து மதத்துக்கு ஒரு லூதர் வேண்டும் என்றும், இஸ்லாத்தில் ஒரு லூதர் தோன்றவில்லையே என்றும் தாராளவாத அறிவாளிகள் பெருமூச்சு விடுவது இந்நாட்டில் நெடுநாளைய வழக்கம். மதவெறி தலைவிரித்தாடும்போதெல்லாம் இந்தப் பெருமூச்சு சற்றுப் பலமாகவே கேட்கும். மதத்தை உள்ளிருந்தே திருத்த ஒரு துறவி வருவார். மனச்சாட்சி விடுதலை பெறும். அதன் பின்னே சமூகமும் தானாகத் திருந்திவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதற்கு ஐரோப்பாவின் பதினாறாம் நூற்றாண்டைச் சான்று காட்டுகிறார்கள். அந்நூற்றாண்டைப் பாதி வரைக்கும் படித்துவிட்டு ஏட்டை மூடிவிட்டார்கள் என்பதே இங்கு எழும் வழக்கு.

படித்த பாதி எல்லோரும் அறிந்ததே. 1517 அக்டோபர் 31 அன்று விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூதர் என்னும் அகஸ்தீனியத் துறவி பாவமன்னிப்புச் சீட்டு வாணிபத்துக்கு எதிராக 95 ஆய்வுரைகளை வெளியிட்டார். அந்த வாணிபத்தின் கணக்கேட்டைப் பார்த்தால் அது யாருடைய வாணிபம் என்பது விளங்கும். பிராண்டன்பர்க் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பிரெக்ட், மாக்டபர்க் பேராயர் பதவியைக் கையில் வைத்துக்கொண்டே மைன்ஸ் பேராயர் பதவியையும் விரும்பினார். ஒருவர் இரு பேராயப் பதவிகளை வகிக்க ரோமாபுரியின் சிறப்பு அனுமதி வேண்டும்; அனுமதிக்கு விலை உண்டு; விலையைக் கடனாகக் கொடுத்தது ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் வங்கி. கடனை அடைக்கத்தான் டெட்சல் என்னும் போதகர் ஊர் ஊராகச் சென்று சீட்டு விற்றார். வசூலில் பாதி ரோமாபுரியில் எழும்பிக்கொண்டிருந்த புனித பேதுரு பேராலயத்துக்கு, மறு பாதி ஃபுக்கரின் பெட்டிக்கு. உழவனும் நெசவாளியும் தம் இறந்த பெற்றோரின் ஆன்மாவுக்காகக் கொடுத்த செப்புக்காசு, ஒரு பிரபுவின் பதவிக் கடனுக்கு வட்டியாகியது. இதை எதிர்த்து எழுந்த குரலுக்கு ஜெர்மன் மக்கள் செவிசாய்த்ததில் வியப்பில்லை.

லூதரின் துணிவைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. 1521-இல் வோர்ம்ஸ் மன்றத்தில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் முன்னிலையில் தம் நூல்களைத் திரும்பப் பெற மறுத்தவர் அவர். 1522 செப்டம்பரில் அவர் வெளியிட்ட ஜெர்மன் மொழிப் புதிய ஏற்பாடு, அம்மொழியின் உரைநடைக்கே புதுவழி வகுத்தது. அவர் மொழிக்குச் செய்த தொண்டை எங்கெல்ஸும் மனமாரப் புகழ்ந்திருக்கிறார். ஆனால் வோர்ம்ஸிலிருந்து அவர் உயிரோடு திரும்பியது மனச்சாட்சியின் வலிமையால் மட்டுமன்று. சாக்சனிச் சிற்றரசர் பிரெடெரிக்கின் ஆட்கள் அவரைக் கடத்துவது போல நடித்து வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைத்தார்கள். ரோமாபுரிக்குப் போகும் பணத்தை நிறுத்தவும், மடங்களின் நிலங்களைத் தம் வசமாக்கவும் காத்திருந்த சிற்றரசர்களுக்கு அத்துறவி தேவைப்பட்டார். அவருக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள்.

தாராளவாதிகள் மூடிவிட்ட ஏட்டின் மறு பாதியில் தாமஸ் மூன்சர் இருக்கிறார்.

ஹார்ஸ் மலையடிவாரத்து ஸ்டோல்பர்க்கில் 1489-ஐ ஒட்டிப் பிறந்தவர் மூன்சர். லைப்சிக்கிலும் ஓடர் நதிக்கரைப் பிராங்பர்ட்டிலும் பயின்ற பாதிரியார். தொடக்கத்தில் லூதரின் ஆதரவாளர்; 1520-இல் சுவிக்காவ் நகரில் அவர் போதகரானதும் லூதரின் பரிந்துரையால்தான். அங்கு அவருடைய ஆலயத்தை நிறைத்தவர்கள் நெசவுத் தொழிலாளர்கள். நிக்கோலஸ் ஷ்டார்க் என்னும் நெசவாளி, படிப்பாளிகளின் துணையின்றியே கடவுள் ஏழையோடு பேசுவார் என்று போதித்து வந்தார். ரோமாபுரியை எதிர்த்த சீர்திருத்தக்காரர்கள் இப்போது புதிய படிப்பாளிகளாக மேடையேறி, வேதத்தின் பொருளைத் தாங்களே சொல்ல வல்லவர்கள் என்று நிற்பதை மூன்சர் கண்டது அந்த நெசவாளிகளின் நடுவில்தான். ஓராண்டுக்குள் நகர மன்றம் அவரை வெளியேற்றியது. 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரில் எரிக்கப்பட்ட யான் ஹுஸ்ஸின் நாட்டை நாடிப் பிராகாவுக்குச் சென்றார். அங்கும் நிலைக்க முடியவில்லை.

1523-இல் ஆல்ஸ்டெட் என்னும் சிற்றூரில் அவர் செய்த காரியம், தாய்மொழி வழிபாட்டைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் அறிய வேண்டியது. வழிபாடு முழுவதையும் ஜெர்மன் மொழியில் அமைத்து, மக்களே பாடும்படி செய்தார். லூதரின் ஜெர்மன் வழிபாட்டு முறை வெளிவந்தது 1526-இல். ஆகவே மூன்சர் முந்தியவர். சுற்று வட்டாரமே ஆல்ஸ்டெட்டுக்குத் திரண்டது. மான்ஸ்ஃபெல்ட் சுரங்கத் தொழிலாளர்களும் வரத் தொடங்கியபோது அவ்வூர்ப் பிரபு எர்ன்ஸ்ட் தன் குடிகள் அங்கு போகலாகாது என்று தடை விதித்தார். இதே மான்ஸ்ஃபெல்டில்தான் லூதரின் தந்தை செப்புச் சுரங்கக் குத்தகையும் உலைகளும் நடத்தி வாழ்ந்தவர். ஒரே ஊரின் செப்பு, ஒருவருக்குப் படிப்பைக் கொடுத்தது. மற்றவருக்குச் சபையைக் கொடுத்தது.

மூன்சர் பேசியது அரசியல் என்று சொல்லி அவருடைய இறையியலைத் தள்ளிவிடுவது மற்றொரு பிழை. கட்சி வகுப்புகளிலேகூட 'லூதர் முதலாளித்துவச் சீர்திருத்தம், மூன்சர் உழைப்பாளர் புரட்சி' என்று இரண்டு வரிகளில் எழுதிக்கொண்டு எழுந்துவிடும் பழக்கம் உண்டு. அவருடைய வாதம் அதைவிட நுட்பமானது. வயிற்றுப்பாட்டுக்காக விடியல் முதல் இருள் வரை உழைக்கும் ஏழை எப்போது எழுத்துக் கற்பான், எப்போது வேதம் படிப்பான் என்று அவர் கேட்டார். பிரபுவுக்கு அஞ்சி நடுங்கும் நெஞ்சில் கடவுளுக்கு அஞ்ச இடம் எங்கே என்றும் கேட்டார். நம்பிக்கை மட்டுமே மீட்கும் என்று லூதர் போதித்தார். அந்த நம்பிக்கை பிறப்பதற்கே ஓய்வும் அச்சமின்மையும் வேண்டும், அவற்றைப் பறித்து வைத்திருப்பவன் பிரபு என்பது மூன்சரின் பதில். இறையியலின் உள்ளேயிருந்தே அவர் நிலவுடைமையை எட்டிவிட்டார். 1524 ஜூலை 13 அன்று ஆல்ஸ்டெட் கோட்டையில் சாக்சனிச் சிற்றரசர் யோகானும் அவர் மகனும் அமர்ந்திருக்க, தானியேல் ஆகமத்தின் இரண்டாம் அதிகாரத்தை விளக்கி அவர்களுடைய முகத்துக்கு நேரே எச்சரித்தார்: ஆட்சியாளர்கள் நீதியின் பக்கம் வாளெடுக்கத் தவறினால் வாள் அவர்களிடமிருந்து பறிக்கப்படும். லூதர் வாளாவிருக்கவில்லை. கலகம் செய்யும் ஆவி ஒன்று ஆல்ஸ்டெட்டில் கூடு கட்டியிருக்கிறது என்று சிற்றரசர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதி அச்சிட்டார். சில வாரங்களில் மூன்சர் இரவோடிரவாக ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

அவ்வாண்டின் இறுதியில் லூதருக்கு மறுப்பாக அவர் எழுதிய சிறுநூலில் ஒரு பகுதி உண்டு. நீரில் மீன், வானில் பறவை, மண்ணில் பயிர் என அனைத்து உயிரையும் பிரபுக்கள் தம் சொத்தாக்கிக்கொண்டார்கள். அப்படி ஆக்கிக்கொண்ட பின் களவு செய்யாதிருப்பாயாக என்ற கட்டளையை ஏழைக்கு மட்டும் ஓதுகிறார்கள். ஏழையைத் தமக்குப் பகைவனாக்குபவர்கள் அவர்களே என்பது அதன் சாரம். இளைஞர் கார்ல் மார்க்ஸ் 'யூதர் பிரச்சினை குறித்து' என்ற கட்டுரையில் மூன்சரின் இந்தக் கருத்தை எடுத்தாண்டிருக்கிறார்.

1525-இன் தொடக்கத்தில் தென் ஜெர்மனி எழுந்தது. மெம்மிங்கன் நகரில் மென்மயிர்த் தோல் தைக்கும் தொழிலாளியான செபாஸ்டியன் லோட்சரின் கையால் உருவான பன்னிரண்டு கோரிக்கைகள், இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 25,000 படிகள் அச்சாகி நாடெங்கும் பரவின. மூன்சர் எழுதியவையல்ல அவை, மிதமானவை. போதகரைச் சபையே தேர்ந்தெடுக்கட்டும். தசமபாகம் ஊருக்கும் ஏழைக்கும் பயன்படட்டும். பண்ணையடிமை முறை ஒழியட்டும். ஆற்று மீனும் காட்டு விறகும் பொதுவாகட்டும். பறிக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் திரும்பட்டும். குடியானவன் செத்தால் அவனுடைய வீட்டின் நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிச் செல்லும் வழக்கம் நிற்கட்டும். பன்னிரண்டாவது கோரிக்கையைப் பலர் கவனிப்பதில்லை. இவற்றுள் எதுவேனும் வேதத்துக்கு முரண் என்று காட்டினால் அதைக் கைவிடுகிறோம் என்கிறது அது. லூதர் கொடுத்த அளவுகோலையே உழவர்கள் லூதரின் முன் வைத்தார்கள்.

லூதர் என்ன மறுமொழி கூறினார்? பிரபுக்களின் கொடுமையைக் கண்டித்துச் சில வரிகள் எழுதினார் என்பது உண்மை. ஆனால் பண்ணையடிமை முறையை ஒழிக்கக் கேட்ட மூன்றாவது கோரிக்கைக்கு அவர் தந்த விடை: ஆபிரகாமிடமும் அடிமைகள் இருந்தார்கள், கிறிஸ்து அளித்த சுதந்திரத்தை உடலின் சுதந்திரமாகக் கொள்வது திரிபு. ஆன்மா ஓர் ஆட்சி, உடல் மற்றோர் ஆட்சி. முன்னதில் கடவுள், பின்னதில் சிற்றரசர். இந்த இரட்டை ஆட்சிக் கோட்பாட்டின் முழுப்பொருளும் மே மாதத்தில் வெளிப்பட்டது. கொள்ளையடிக்கும், கொலை செய்யும் உழவர் கூட்டங்களுக்கு எதிராக அவர் எழுதிய துண்டுநூல், கலகக்காரனை வெறிநாய்க்கு ஒப்பிட்டு, இயன்றவர் எவரும் ஒளிவாகவோ வெளிப்படையாகவோ அவனை வெட்டலாம், குத்தலாம் என்று கூறியது. அதனினும் விந்தை ஒன்று அந்நூலில் உண்டு. பிறர் தொழுது பெறுவதைக் காட்டிலும் சிற்றரசன் குருதி சிந்தி எளிதில் மோட்சம் பெறும் காலம் இது என்று எழுதினார். காசு கொடுத்து மோட்சம் வாங்க முடியாது என்று தொடங்கிய பயணம், எட்டே ஆண்டுகளில் உழவனின் குருதியை விலையாகக் கொடுத்து வாங்கலாம் என்று வந்து நின்றது.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று வரும். உழவர்கள் வன்முறையில் இறங்கினார்கள் அல்லவா, வைன்ஸ்பர்க்கில் நடந்தது என்ன என்பார்கள். 1525 ஏப்ரல் 16 அன்று ஹெல்ஃபன்ஷ்டைன் பிரபுவையும் அவருடைய வீரர்களையும் ஈட்டிகளின் நடுவே ஓடவிட்டு உழவர்கள் கொன்றது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. மறுதட்டில் வைக்க வேண்டிய எண்ணிக்கையையும் வைக்கட்டும். அப்போர் முழுவதிலும் கொல்லப்பட்ட உழவர்கள் 70,000 முதல் 1,00,000 வரை என வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் விழுந்த களம் துரிங்கியாவின் ஃபிராங்கன்ஹாவ்சன். 1525 மே 15. முல்ஹாவ்சன் நகரிலிருந்து வானவில் கொடியுடன் வந்த மூன்சர் உழவர் படையோடு நின்றார். சூரியனைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றியதைக் கடவுளின் குறியாக அவர்கள் கொண்டார்கள் என்பர். பீரங்கிகள் வாய் திறந்தபின் நடந்தது போரன்று. எதிரணியில் யார் யார் நின்றார்கள் என்பதை இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஹெஸ்ஸேயின் சிற்றரசர் பிலிப், லூதரின் வழியை ஏற்றவர். சாக்சனியின் கோமகன் கெயோர்க், லூதரைக் கடைசிவரை எதிர்த்த கத்தோலிக்கர். நம்பிக்கையா, செயலா, எதனால் மீட்பு என்ற கேள்வியில் ஒருவரையொருவர் நரகத்துக்கு அனுப்பத் தயாராயிருந்த இருவரும், உழவனின் கழுத்தை வெட்ட ஒரே களத்தில் தோளோடு தோள் நின்றார்கள். தெற்கே உழவர்களை அழித்த ஸ்வாபியக் கூட்டணியின் படைக்கு நிதி உதவியவர்களுள் ஒருவர் யாக்கோப் ஃபுக்கர். பாவமன்னிப்புச் சீட்டின் மறு பாதியை வாங்கிக்கொண்ட அதே ஃபுக்கர்தான். லூதர் யாரை எதிர்த்து எழுந்தாரோ அந்தப் பணப்பெட்டியும், லூதரின் எழுதுகோலும் 1525 மே மாதத்தில் ஒரே பக்கத்தில் இருந்தன.

மூன்சரைப் பிடித்து, தொழிலாளர்கள் தம் சபைக்குப் போவதைத் தடுத்த அதே எர்ன்ஸ்ட் பிரபுவின் ஹெல்ட்ருங்கன் கோட்டையில் வதைத்தார்கள். அனைத்தும் அனைவர்க்கும் பொது. தேவைக்கேற்பப் பகிரப்பட வேண்டும் என்பதே தம் கொள்கை என அவர் ஒப்புக்கொண்டதாக அங்கே பதிவாகியுள்ளது. சித்திரவதையில் பெற்ற வாக்குமூலம் எவ்வளவு நம்பத்தக்கது என்ற ஐயம் நியாயமே. ஆயினும் பிரபுக்கள் எதைப் பெருங்குற்றமாகக் கருதினார்கள் என்பதற்கு அதுவே சான்று. மே 27 அன்று முல்ஹாவ்சனுக்கு வெளியே அவருடைய தலையையும் தோழர் ஹைன்ரிக் பைஃபரின் தலையையும் வெட்டி ஈட்டியில் குத்தி வைத்தார்கள். பதினேழு நாள் கழித்து, ஜூன் 13 அன்று விட்டன்பர்க்கில் லூதர் திருமணம் செய்துகொண்டார்.

அதன் பின் சீர்திருத்தத்தின் கனி யாருக்குப் போயிற்று? மடங்களின் நிலங்கள் சிற்றரசர்களின் கைக்குப் போயின. சபை அவர்களுடைய நிர்வாகத் துறையாயிற்று. 1555-இல் ஆக்ஸ்பர்க்கில் செய்த உடன்படிக்கை, ஆள்பவனின் மதமே ஆளப்படுபவனின் மதம் என்று விதித்தது. மனச்சாட்சியின் விடுதலை என்று மேடைகளில் முழங்கப்படுவது இதைத்தான்! பிராண்டன்பர்க் வழியாகக் கிழக்கே போகப் போகப் பண்ணையடிமை முறை தளர்வதற்கு மாறாக இறுகியது.

இரட்டை ஆட்சிக் கோட்பாடு ஜெர்மனியோடு நிற்கவில்லை. தமிழ் மண்ணுக்கும் வந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறங்கியதிலிருந்து லூத்தரன் சபை இங்கு வளர்ந்தது. ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு இருக்கை என்ற நிலையும் வளர்ந்தது. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக, அறவே ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். (அவரும் காலனிய ஆட்சியின் பேராயரே; அதை மறந்துவிடத் தேவையில்லை.) தரங்கம்பாடியின் வாரிசாக வந்த லைப்சிக் லூத்தரன் மிஷன் வேறு நிலை எடுத்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல், சாதி குடிமை வாழ்வைச் சார்ந்தது, நற்செய்தியின் செல்வாக்கால் மெல்ல மெல்லக் கரையட்டும், கட்டாயப்படுத்தலாகாது என்று வாதிட்டார். திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் மொழிபெயர்த்த பேரறிஞர் அவர். பிறப்பில் உயிர்கள் யாவும் ஒன்றே என்று கூறும் குறளையும் அவர் மொழிபெயர்த்திருக்கத்தான் வேண்டும். ஆன்மா விடுதலை பெற்றது, இருக்கை மட்டும் பழைய இடத்தில் இருக்கட்டும் என்ற இந்தச் சமரசம், உழவர்களின் மூன்றாவது கோரிக்கைக்கு லூதர் கூறிய அதே விடையின் தமிழ்ப் பதிப்பன்றி வேறென்ன? ஒரு லூதர் வந்தால் சாதி ஒழியும் என்று இன்று எழுதுவோர், லூதரின் பெயரைத் தாங்கிய சபையே இம்மண்ணில் சாதியோடு எப்படி உடன்பாடு செய்துகொண்டது என்று ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

இனி இடதுசாரி வட்டத்துக்குள்ளேயே ஒலிக்கும் மற்றொரு குரலுக்கு வருவோம். மூன்சர் அவசரப்பட்டார், காலம் கனியவில்லை, எங்கெல்ஸே அப்படித்தான் சொல்கிறார் என்பது அக்குரல். தான் பிரதிநிதியாக நிற்கும் வர்க்கம் ஆட்சிக்குப் பக்குவப்படாத காலத்தில் ஆட்சியேற்க நேரும் தலைவனுக்கு வரும் இக்கட்டை எங்கெல்ஸ் எழுதியிருப்பது மெய்யே. 'ஜெர்மனியில் விவசாயிகள் போர்' நூலின் புகழ்பெற்ற பகுதி அது. ஆனால் அதை அவர் எழுதிய ஆண்டு 1850. 1848-49 புரட்சி தோற்று, தோழர்கள் சிறையிலும் நாடுகடத்தலிலும் சிதறிக் கிடந்த வேளை. வில்ஹெல்ம் சிம்மர்மனின் வரலாற்று நூலைத் துணைக்கொண்டு, ஜெர்மன் மக்களுக்கும் ஒரு புரட்சி மரபு உண்டு என்று சோர்ந்தவர்களுக்கு நினைவூட்டத்தான் எங்கெல்ஸ் எழுதினார். தோல்வியின் காரணத்தை ஆராய்ந்தார். தோற்றவரின் பக்கத்தைவிட்டு விலகவில்லை. ஒவ்வொரு வட்டாரமும் தன் எல்லைக்குள்ளேயே போராடி, பக்கத்து வட்டாரம் வெட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததையும், நகரத்து வசதிபடைத்தோர் இறுதியில் பிரபுக்களோடு சமரசம் செய்துகொண்டதையும் அவர் சுட்டிக்காட்டுவது பொறுமையைப் போதிப்பதற்காக என்று வாசிப்பவர், நூலின் முன்னுரையைக்கூடப் படிக்காதவர். ஆறாண்டுகள் கழித்து, 1856 ஏப்ரலில் எங்கெல்ஸுக்கு எழுதிய கடிதத்தில் மார்க்ஸ், ஜெர்மனியில் பாட்டாளி வர்க்கப் புரட்சிக்கு விவசாயிகள் போரின் இரண்டாம் பதிப்பு ஒன்று துணை நிற்க முடியுமா என்பதையே எல்லாம் சார்ந்திருக்கிறது என்றார். தொழிலாளி–விவசாயி கூட்டணி என்று பின்னாளில் இயக்கம் விரித்துரைத்த கருத்துக்கு, ஃபிராங்கன்ஹாவ்சனில் வெட்டுண்டவர்களின் நினைவும் ஓர் ஊற்று.

மூன்சர் தம்மை ஒருபோதும் புரட்சிக்காரர் என்று அழைத்துக்கொண்டதில்லை. கடவுளின் ஊழியன் என்றே கையெழுத்திட்டார். கதிர் முற்றிவிட்டது, அரிவாள் தீட்டப்படுகிறது என்று வேதத்தின் மொழியிலேயே பேசினார். அந்த மொழியைக் கேட்டுத்தான் சுரங்கத்திலிருந்தும் தறியிலிருந்தும் மக்கள் எழுந்து வந்தார்கள். நம்பிக்கையுள்ள உழைப்பாளி மக்களிடம் எப்படிப் பேசுவது என்று இந்நாட்டில் இயக்கம் தடுமாறும்போதெல்லாம் திரும்பிப் பார்க்க வேண்டியவர் விட்டன்பர்க்கின் பேராசிரியரா, ஆல்ஸ்டெட்டின் பாதிரியாரா என்பது பழங்கதையைப் பற்றிய கேள்வியன்று.

ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு தன் ஐந்து மார்க் தாளில் மூன்சரின் உருவத்தை அச்சிட்டது. ஃபிராங்கன்ஹாவ்சன் களத்தின் மேல் வெர்னர் டியூப்கே தீட்டிய மாபெரும் வட்ட ஓவியம் 1989 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இரண்டு மாதம் கழியுமுன் பெர்லின் சுவர் திறந்தது. மறு ஆண்டு அந்தத் தாள் செல்லாததாயிற்று. 2017 அக்டோபர் 31, லூதரின் ஆய்வுரைகளுக்கு 500 ஆண்டு நிறைந்ததன் பொருட்டு, ஒன்றுபட்ட ஜெர்மனி முழுவதற்கும் அவ்வோராண்டு மட்டும் பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. 2025 மே 27, மூன்சரின் தலை வீழ்ந்து 500 ஆண்டு நிறைந்த நாள், செவ்வாய்க்கிழமை. ஆலைகளும் வங்கிகளும் வழக்கம்போல் திறந்திருந்தன.